ஷேர் ஆட்டோவில் வந்த சம்பந்தி

குருசுக்குப்பம், புதுச்சேரி.
சித்திரை மாதம், பூசைக்குப் போக முகமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகன் ஜெர்ரிக்கு,

அப்பா வேளாங்கண்ணி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே உன் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. என்னோடு பேச்சுதான் இல்லை. எனக்கும் உடம்பு தேவலை. வெளியே தலை காட்டத்தான் முடியவில்லை. நீயும் எலோதியும் சுகமாக இருக்க வேண்டும் என்றும், இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்றும் ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது இவர் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்துவாள் என்பது உனக்குத் தெரியும். இப்போது திருத்துவதுகூட இல்லை, வெறுமனே நின்று பார்க்கிறாள். அந்தப் பார்வைக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அதனால் மாடியில் உட்கார்ந்து எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன். உன் வருங்கால மாமனார் பஸ்காலும் மாமியார் மொனிக்கும் ஏறிய விமானம் இந்நேரம் எந்தக் கடலுக்கு மேலே பறக்கிறதோ தெரியாது. அது அங்கே பிரான்சில் இறங்குவதற்குள், அவர்கள் வாயிலிருந்து கேட்பதற்கு முன், உன் தகப்பன் என்ன செய்தான் என்பதை அவன் கையாலேயே நீ தெரிந்துகொள்வதுதான் முறை.

போன வருஷம் நீ கூப்பிட்டுச் சொன்னாயே, "அப்பா, எலோதி வூட்டுல எல்லாம் நல்ல மாதிரி ஆளுங்க, ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்துல குடியிருக்காங்க, அவங்க அப்பா டவுன் பஸ் ஓட்டுறாரு, அம்மா ஸ்கூல் கேன்டீன்ல சமைக்கிறாங்க" என்று, நான் அதை அப்படியேதான் தெருவில் சொல்ல நினைத்தேன். ஆனால் பக்கத்து வீட்டு இராமதாஸ் சாரிடம் சொல்லும்போது 'பக்கத்தில்' என்ற ஒரு வார்த்தை மட்டும் எங்கோ விழுந்துவிட்டது. அவர் மகன் கட்டியிருப்பது கனடா பல் டாக்டர் மகளை. அந்தச் சம்பந்திகள் வந்தபோது நம் தெருவில் இரண்டு கார் வரிசையாக நின்று பால்காரர் வண்டி உள்ளே வர முடியாமல் போனது உனக்கு நினைவிருக்கும். அதை அவர் இன்றைக்கும் வாரத்துக்கு ஒரு தரம் எடுத்துச் சொல்கிறார். அந்த மனுஷனிடம் போய் 'கோட்டைக்குப் பக்கத்தில்' என்று சொல்ல யாருக்குத்தான் நாக்கு வரும்? அவர்கள் கோட்டையில் குடியிருக்கிறார்கள் என்று ஆகிவிட்டது. பஸ் ஓட்டுகிறவர் சொந்தமாகப் பஸ் விடுகிறவர் ஆனார். பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மா ஹோட்டல் நடத்துகிற அம்மா ஆனார். தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த காலமெல்லாம் ஒரு கட்டி சோப்பைக்கூட இருப்பில் கூட்டி எழுதாதவன் நான். சம்பந்தி விஷயத்தில் இப்படிக் கூட்டி எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் இந்தியா வருவதாகச் சொன்னபோது, கேரளாவுக்குப் போகலாமா பாண்டிக்கு வரலாமா என்று யோசிக்கிறார்கள், செலவு அதிகமாகாமல் ஊரும் பார்க்க வேண்டும், காடும் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்று நீ சொன்னாய். கேரளாவுக்குப் போய்விட்டால் இராமதாஸ் சார் கோட்டைக்காரர்களை எப்படிப் பார்ப்பார்? "இங்க இல்லாத காடா? பாண்டியச் சுத்தி நேஷனல் பார்க்குதான், எறங்கி நடந்தா காலுல தட்டும்" என்று நான் சொன்னேன். நீ நம்பினாய். உன்னை நம்பி அவர்கள் வந்தார்கள். பஸ்கால் இணையத்திலிருந்து அச்செடுத்து, மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் அதைப் பிரித்து, 'பார்க் நசியோனால்?' என்று என் முகத்தைப் பார்ப்பார். அந்த முகத்தில் அப்படி ஓர் ஆசை. புதுச்சேரியில் தேசியப் பூங்கா ஒன்றுமே இல்லை, கிட்டத்தில் என்றால் சென்னை கிண்டிக்குத்தான் போக வேண்டும் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. ஆமாம், எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று உன்னிடம் சொல்லி வந்ததும் பொய்தான். எனக்குத் தெரிந்தது வணக்கம், நன்றி, ஆமாம் என்பதற்கு 'ஊய்', மன்னிப்புக்கு 'பர்தோன்', அப்புறம் ஒரு மாதா பாட்டு.

அவர்கள் வந்த நாளைச் சொல்கிறேன். கார் வைத்துக்கொண்டு சென்னைக்கு வருகிறேன் என்று நான் சொன்னதற்கு, அதெல்லாம் வீண் செலவு, கடற்கரைச் சாலை பஸ்ஸிலேயே வந்துவிடுவார்கள் என்று நீ சொல்லிவிட்டாய். சரி, பஸ் ஸ்டாண்டுக்காவது போய், அங்கிருந்து ஒரு காரில் தெருவுக்குள் வருவோம் என்று வேட்டி மடித்துக் கட்டி வாசலில் இறங்குகிறேன், எதிரே ஷேர் ஆட்டோ வந்து நிற்கிறது. முதலில் மீன் விற்கிற அஞ்சலாட்சி இறங்கினாள். அவள் திரும்பி உள்ளே கை நீட்ட, அவளுடைய மீன் கூடையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா ஒருத்தி அதை எடுத்துக் கொடுத்தாள். அதுதான் மொனிக். பாவாடை முழுக்க மீன் தண்ணி. முகம் முழுக்கச் சிரிப்பு. டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்து வந்தவர் பஸ்கால். முதுகில் மூட்டை, காலில் ரப்பர் செருப்பு. இராமதாஸ் சார் அந்த நேரம் பார்த்துச் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமல் அப்படியே திரும்பி என்னைப் பார்த்து, "என்னா வேளாங்கண்ணி, கோட்டையில இருக்கறவங்க ஷேர் ஆட்டோல வர்றாங்க?" என்றார்.

மகனே, அடுத்து நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. "அவங்க இல்ல சார் இவங்க. இவங்க அவங்க வூட்டுல வேல செய்யறவங்க. பெரியவங்க வர்றதுக்கு முன்னாடி எடம் எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போவ வந்திருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. தும்மல் மாதிரி வந்துவிட்டது. சொல்லி வாய் மூடுவதற்குள் பஸ்கால் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "வேலக்காரரு ரொம்பப் பாசமா இருக்காரே" என்றார் இராமதாஸ் சார். "பிரான்சுல அப்படித்தான் சார், எல்லாரும் சமம்" என்றேன்.

வீட்டுக்குள் போய் உன் அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. இராமதாஸ் சாரின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். மகனைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்க வைத்தார். பிரெஞ்சு அரசாங்கத்துக்குப் பென்ஷன் காகிதம் எழுதவேண்டும் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லாரும் அவரிடம்தான் போவார்கள். தெருவில் பிரெஞ்சு தெரிந்த ஒரே மனிதரிடம் போய் நான் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். அவரும் பஸ்காலும் சுவரோரம் நின்று நாலு வார்த்தை பேசினால் போதும், என் கதை முடிந்தது. அதனால் விடிந்ததும் அவர்களை ஊர் சுற்றக் கிளப்பி, இராமதாஸ் சார் வீட்டுக் கதவு சாத்திய பிறகு திரும்பக் கூட்டி வருவது என்று முடிவு செய்தேன். அவர்களுக்கு நான் காட்டிய உபசாரம் எல்லாம் இந்தப் பயத்தில் பிறந்ததுதான்.

முதல் நாள் பாரதி பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். பஸ்கால் காகிதத்தைப் பிரித்து, 'பார்க் நசியோனால்?' என்றார். 'ஊய்' என்றேன். ஊஞ்சலையும் சறுக்கு மரத்தையும் பார்த்தார். பெஞ்சில் தூங்குகிறவர்களைப் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு ஒரு மரத்தடியில் மண்டியிட்டு ஓர் அணிலை ரொம்பப் பொறுமையாகப் படம் எடுத்தார். அது காட்டு மிருகமா என்று சைகையில் கேட்டார். அதற்கும் 'ஊய்' என்றேன்.

அடுத்து ஊசுட்டேரி. ஏரிப் பறவைகள் மார்கழி, தையில்தான் வரும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் சித்திரையில் ஒன்றாவது மிச்சம் இருக்காதா என்று ஒரு நம்பிக்கை. காரெல்லாம் வேண்டாம், டவுன் பஸ்தான் என்று இருவரும் பிடிவாதம். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தால், பஸ்கால் நேரே முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டார். கியரைக் காட்டி என்னவோ கேட்கிறார், டிரைவர் தமிழில் பதில் சொல்கிறார், இரண்டு பேரும் பிரேக்கைப் பற்றித் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். யாராவது தெரிந்தவர்கள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏரியில் தண்ணீர் உள்வாங்கிக் கிடந்தது, நாலைந்து எருமைகள் படுத்திருந்தன, எருமை மேல் ஒரு கொக்கு. அந்தக் கொக்கைக் காட்ட நான் அவர்களைக் கரை மேலேயே வெயிலில் நடத்திக்கொண்டு போனேன். அவர்கள் தொப்பி போட்டிருந்தார்கள். எனக்குத் தொப்பி இல்லை. வீடு வந்து சேர்ந்ததும் தலை சுற்றி, வாந்தி எடுத்து, படுக்கையில் விழுந்தவன் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. மொனிக் என் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார். உன் அம்மா செய்தால் போதாதா, இவர் ஏன் செய்கிறார் என்று நான் அந்த மயக்கத்திலும் கூசிப்போனேன்.

அந்த இரண்டு நாளில்தான் என் காவல் போனது. மூன்றாம் நாள் காலை மெல்ல மாடிக்கு வந்து பார்க்கிறேன், அடுத்த மாடியில் இராமதாஸ் சார் மனைவி சுலோசனா வடகம் போடப் பாய் விரித்திருக்கிறாள். நடுவில் மலையாகச் சின்ன வெங்காயம். அதற்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உரித்துக்கொண்டிருப்பது உன் மாமியாராக வரப்போகிறவர். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிகிறது. சுலோசனா நாற்காலியில் உட்கார்ந்து, "சீக்கிரம் சீக்கிரம், வெயில் ஏறுதுல்ல" என்று கையைத் தட்டுகிறாள். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போய், 'சுலோசனாம்மா, அவங்க எங்க சம்பந்தி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது மொனிக் என்னைப் பார்த்துவிட்டு ஈரக் கண்ணோடு கை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அந்தக் கை என் தோளில் இன்னும் தொங்கிக்கொண்டிருப்பதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கூலியாகச் சுலோசனா ஒரு பழைய சேலை கொடுத்திருக்கிறாள். மொனிக் அதை எப்படியோ சுற்றிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "சுலோசனாவுக்கு இம்மாம் பெரிய மனசா?" என்று உன் அம்மா ஆச்சரியப்பட்டாள். முந்தானையைப் பிடித்துப் பார்த்து, "கிழிசல ஒட்டு வச்சுத் தைச்சிருக்கே" என்று முணுமுணுத்தாள். நான் குழம்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். இதற்குள் பஸ்காலை வைத்து இராமதாஸ் சார் வாஷிங் மெஷினை மாடிக்கு ஏற்றியிருந்தார். சுவரோரம் என்னைப் பிடித்து, "ஒங்க ஆளு மாடு மாதிரி தூக்குறான்யா. கேட்டேன், அந்த வூட்டுல ரொம்ப வருஷமா இருக்கானாம். ஆமா, சம்பந்தி எப்ப வர்றாங்க?" என்றார். "வருவாங்க சார்" என்றேன். பஸ்காலிடம் அவர் பிரெஞ்சில் கேட்டிருக்கிறார், பஸ்காலும் பதில் சொல்லியிருக்கிறார், இன்னும் என் குட்டு உடையவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை. இராமதாஸ் சாரின் பிரெஞ்சு துருப்பிடித்துவிட்டது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இப்போது அதிகம் கூசுகிறது.

கடைசியாகப் பிச்சாவரம். அலையாத்திக் காடு என்றால் நிஜமாகவே காடு, படகும் உண்டு, பஸ்கால் காகிதத்திலும் அந்தப் பேர் இருந்தது. உன் அம்மாவையும் சேர்த்து நாலு பேரும் விடிகாலையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், இராமதாஸ் சாரும் சுலோசனாவும் குளித்து, நெற்றியில் இட்டுக்கொண்டு, சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நிற்கிறார்கள். "நாங்களும் பாத்ததில்ல வேளாங்கண்ணி. தொணைக்குத் தூக்கத்தான் ஆளு இருக்கே" என்று சொல்லிக் கூடையைப் பஸ்கால் கையில் கொடுத்துவிட்டார். பஸ்கால் வாங்கிக்கொண்டார். கடலூரில் ஒரு பஸ், சிதம்பரத்தில் ஒரு பஸ் என்று மாறி மாறி ஏறினோம். ஒவ்வொரு தரமும் முதுகில் தன் மூட்டை, கையில் இராமதாஸ் சாரின் கூடை, தோளில் சுலோசனாவின் தண்ணீர்ப் பை என்று அவர் பின்னால் வருகிறார். நான் வாங்கப் போனால், 'பரவாயில்லை' என்கிற மாதிரி தலையை ஆட்டுகிறார். உன் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் வாயைத் திறக்காமல் வருகிறாள் என்றால் நல்லதில்லை என்று நான் அப்போதே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

துடுப்புப் படகில் ஆறு பேரும் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். முதலில் அகலமான நீர், பிறகு இரண்டு பக்கமும் வேர்கள் இறங்கி, மேலே கிளைகள் கூடி, பச்சைக் குகை மாதிரி ஆகிவிட்டது. துடுப்புச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பஸ்கால் தொப்பியைக் கழற்றிவிட்டார், கோயிலுக்குள் வந்த மாதிரி. அந்த அமைதியில் இராமதாஸ் சார், "ஏம்ப்பா, தண்ணி பாட்டில எடு" என்று பஸ்காலைப் பார்த்து விரலைச் சொடுக்கினார்.

"ஏன் சார்," என்றாள் உன் அம்மா, "காலையிலேந்து பாக்கறேன். எங்க சம்பந்திகிட்ட கூடையக் குடுத்துட்டுக் கைய வீசிக்கிட்டு வர்றீங்க. இப்ப சொடக்கு வேற போடுறீங்க. இதுதான் நீங்க மதிக்கிற மதிப்பா?"

இராமதாஸ் சார் சொடுக்கிய விரலை அப்படியே வைத்துக்கொண்டு, "சம்பந்தியா? வேலக்காரருன்னு ஒங்க வூட்டுக்காரருதானே சொன்னாரு!" என்றார்.

"ஐயோ, நான் அந்தம்மாவ வெங்காயம் உரிக்க வச்சேனே!" என்று சுலோசனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

படகில் ஒரு மனுஷன் எங்கே போவான்? தெருவாக இருந்தால் கடைக்குப் போகிற மாதிரி நழுவியிருப்பேன். உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, "சொல்லுங்க" என்றாள், அவ்வளவுதான். விளக்கம் சொல்ல எழுந்து நின்றேன். "ஒக்காருங்க சார், ஒக்காருங்க சார்" என்று படகுக்காரர் கத்தினார். 'அதாவது' என்று ஆரம்பித்தேன், படகு ஒரு பக்கம் சாய்ந்தது, நான் தண்ணீருக்குள் போய்விட்டேன். ஆழமில்லை, இடுப்பளவுதான். ஆனால் கீழே சேறு, கால் இறங்கிக்கொண்டே போகிறது. மிதவைச் சட்டை ஒரு பக்கம் மேலே தூக்க, சேறு ஒரு பக்கம் கீழே இழுக்க, நடுவில் நான். அடுத்த நொடி தொபுக்கென்று ஒரு சத்தம். பஸ்கால் குதித்துவிட்டார். அக்குளுக்குள் கை கொடுத்து என்னைப் பிடுங்கி எடுத்து, ஒரு வேரில் சாய்த்து நிறுத்தி, என் முகத்துச் சேற்றைத் தன் கையால் வழித்துவிட்டார்.

அப்போது இராமதாஸ் சார் படகிலிருந்து அவரிடம் பிரெஞ்சில் என்னவோ கேட்டார். பஸ்கால் சேற்றில் நின்றபடியே, என் தோளைப் பிடித்தபடியே, மெதுவாகப் பதில் சொன்னார். இராமதாஸ் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னா சொல்றாரு?" என்றாள் உன் அம்மா. அவர் பென்ஷன் காகிதம் படிக்கிற குரலில், எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அன்னிக்கு வாஷிங் மெஷின் தூக்கும்போது நான் கேட்டேன், மொதலாளி வூட்டுல எவ்வளவு வருஷமா வேலன்னு. கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. அப்புறம், ரொம்ப வருஷமா இருக்கேன், நல்ல மனுஷங்கன்னாரு. ஏன் பொய் சொன்னீங்கன்னு இப்பக் கேட்டேன். அதுக்கு அவரு, வேளாங்கண்ணி அப்படிச் சொல்லியிருந்தா அவருக்கு ஏதோ ஒரு கஷ்டம் இருந்திருக்கும். எம் பொண்ணு நாளைக்கு அப்பான்னு கூப்பிடப்போற மனுஷன நான் பக்கத்து வூட்டுக்காரர் முன்னாடி பொய்யனாக்க முடியுமான்னு கேக்குறாரு. மொனிக்குக்கும் அன்னிக்கே சொல்லிட்டாராம். அந்தம்மா, வெங்காயந்தானே, ஊருல நெதம் உரிக்கிறதுதானேன்னு சொல்லிச்சாம்."

படகுக்காரர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மகனே, என்னை ஓர் அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அந்த ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது. 'பர்தோன்' என்றேன். வாயில் சேறு இருந்ததால் அதுவும் சரியாக வரவில்லை. பஸ்கால் சிரித்துக்கொண்டே என்னைப் படகில் ஏற்றினார். அவர் சிரித்ததுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. சுலோசனா மொனிக் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மொனிக் அவளைத் தேற்றுகிறார். திரும்பி வரும்போது எல்லாப் பையையும் இராமதாஸ் சாரே தூக்கிக்கொண்டார், என் பையையும் சேர்த்து. மூன்று பஸ்ஸிலும் எனக்கு உட்கார இடம் கிடைத்தது, ஏனென்றால் சேற்று நாற்றத்தில் பக்கத்தில் யாரும் வரவில்லை.

நேற்று அவர்கள் கிளம்பினார்கள். கார் வைக்கிறேன் என்று கெஞ்சினேன், கேட்கவில்லை. சரி, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ பிடிக்கிற முனை வரைக்குமாவது என்று இரண்டு மூட்டையையும் பிடுங்கி, ஒன்றை முதுகிலும் ஒன்றை வயிற்றிலும் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இவங்கதான் எங்க சம்பந்தி. இவரு டவுன் பஸ் ஓட்டுறாரு. இந்தம்மா ஸ்கூல் புள்ளைங்களுக்குச் சமைக்கிறாங்க. கோட்டையெல்லாம் இல்ல, நான் சொன்னது பொய்" என்று சொன்னேன். மூச்சு வாங்கியது. யாரும் ஆச்சரியப்படவில்லை. அஞ்சலாட்சி மீனை வெட்டிக்கொண்டே, "அதான் தெரியுமே அண்ணே. அன்னிக்கே ஆட்டோல அந்தம்மா போன்ல போட்டோ காட்டிச்சே. ஒங்க ஜெர்ரி, அந்தப் பொண்ணு, அவரு பஸ்ஸு, எல்லாம் காட்டிச்சு. தெருவுல எல்லாருக்கும் சொன்னேனே" என்றாள். இராமதாஸ் சார் வீட்டில் மட்டும் மீன் வாங்குவதில்லை.

இதுதான் நடந்தது. ஒன்றும் மறைக்கவில்லை. இரண்டு பேரும் எலோதியிடம் இதைச் சொல்ல மாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, அதனால்தான் நீ சொல்லவேண்டும் என்கிறேன். அவள் தாயை வெங்காயம் உரிக்க விட்டுத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தவன் வீட்டுக்கு மருமகளாக வர அவளுக்கு இஷ்டமா என்று அவளே முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் நான் குறை சொல்ல மாட்டேன். வருவதாக இருந்தால், கல்யாணத்தில் கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அப்படி ஒரு பெரிய மனுஷனை, பொய் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மனுஷனை, நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. அவர் கால் தூசிக்கு நான் ஆக மாட்டேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிடு. தேவமாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். தகப்பன் சொன்ன சொல் நிற்கவில்லை என்றாலும் அவன் கொடுக்கிற ஆசீர் நிற்கும் என்று நம்புகிறேன்.

தலை குனிந்த நிலையில்,
உன் அப்பா,
ம. வேளாங்கண்ணி.

பி.கு.: படம் எடுக்கப் பக்கங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது இராமதாஸ் சார் மாடிச் சுவரோரம் வந்து, "வேளாங்கண்ணி, இதப் பாத்தீங்களா?" என்று போனை நீட்டினார். அவரும் பஸ்காலும் இப்போது முகநூல் நண்பர்களாம். மொனிக் படகிலிருந்து எடுத்த இரண்டு படத்தை விமானம் ஏறுவதற்கு முன்னால் பஸ்கால் போட்டிருக்கிறார். முதல் படத்தில் தலை முதல் இடுப்பு வரை சேறாக நான், என்னைப் பிடித்துத் தூக்குகிற பஸ்கால். கீழே பிரெஞ்சில் ஏதோ எழுதியிருந்தது. "படிங்க சார்" என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்: 'எங்கள் சம்பந்திக்குச் சொந்தமான காட்டில், முதலை வாயிலிருந்து நான் மீட்ட வேலைக்காரக் கிழவர்.' அடுத்த படத்தில் இராமதாஸ் சார், வெள்ளை வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாகப் படகில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே: 'எங்கள் சம்பந்தி.' அவர்கள் ஊர்க்காரர்கள் நூற்றுக்கணக்கில் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். "நான் ஒண்ணும் சொல்லலீங்க, சத்தியமா" என்றார் இராமதாஸ் சார், ஆனால் சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. உன் அம்மா எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளுக்குப் பிறகு வாய் விட்டுச் சிரித்தாள். "ஒங்களுக்கு ஏத்த சம்பந்திதான்" என்று என்னோடு பேசியும் விட்டாள். ஆகவே, மகனே, மேலே நான் எழுதியதில் மன்னிப்பு, தலைகுனிவு, கால் தூசி சம்பந்தமான வரிகளை எல்லாம் அடித்துவிட்டுப் படி. எலோதியிடம் மூச்சு விடாதே. சம்பந்திகள் நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்கிறோம். கல்யாணத்தை மட்டும் சீக்கிரம் வை.